மத்தியானம் மட்டும் நிற்கும் கம்ப்யூட்டர்

இரும்பை இரும்பு வெட்டும் சத்தம் காதுக்குப் பழகிவிட்டால் அது சத்தமாகவே தெரியாது. மாறினால்தான் தெரியும். அன்று மத்தியானம் டிசைன் அறையில் உட்கார்ந்திருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மில்லிங் மெஷினின் சத்தம் திடீரென்று கனத்து உறுமியது. அடுத்த நொடி, ஆபரேட்டர் வேலு அண்ணன் சிவப்பு பட்டனை ஓங்கி அடித்தார். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. வெட்டும் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத எஃகுக் கட்டை அது. இரண்டு பக்கமும் வழவழவென்று வெட்டி வந்த வளைவின் நடுவில், கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. வெட்டும் கத்தி அந்த இடத்தில் இறங்கியிருக்கவே கூடாது. கூலன்ட்டின் புளித்த மோர் வாடையோடு, கருகின எண்ணெய் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியது.

"புரோகிராம்ல அப்டித்தான் வந்துச்சு கண்ணு. நா ஒண்ணும் பண்ல," என்றார் வேலு அண்ணன். அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. பயந்துபோயிருந்தார்.

புரோகிராம் போட்டது நான்.

டிசைன் மேனேஜர் கோபிநாத் சார் வந்தார். கட்டையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். யார் போட்டது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் எல்லாருக்கும் கேட்கும்படி, "யாரு போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்," என்றேன்.

இன்றைக்கும் அந்த இரண்டு வார்த்தைகளை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. தப்பு என்னுடையது அல்ல. ஆனால் அன்று எனக்கே அது தெரியாது.

டூல் ரூம் என்றால்

போன வாரம் எழுதியதைப் படித்த ஒரு வாசகி, "டூல் ரூம் டூல் ரூம் என்கிறீர்களே, ஸ்பேனர் அடுக்கி வைக்கும் அறையா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் அம்மாவும் அதையேதான் கேட்டார்.

முறுக்கு பிழிய அச்சு வேண்டும் அல்லவா? பைக் பெட்ரோல் டேங்க்கும் அப்படித்தான். தகட்டை வைத்து அழுத்தினால் டேங்க்கின் வளைவு வர வேண்டும். அதற்கு எஃகில் ஓர் அச்சு செய்ய வேண்டும். அந்த அச்சு செய்யும் இடம் டூல் ரூம். வளைவைக் கம்ப்யூட்டரில் வரைந்து, கத்தி எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது டிசைன் அறை. அந்த அறைக்குக் கம்பெனி எடுத்த முதல் பெண் நான். ஓசூர் தொழிற்பேட்டையில் அசெம்பிளி லைனில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். டூல் ரூமில் கிடையாது.

அந்தக் கணக்குப் போடும் சாஃப்ட்வேர் விலை கூடினது. ஒரு கம்ப்யூட்டரில்தான் போட்டிருந்தார்கள். அதனால் ஒரே நாற்காலியில் இரண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்தோம். பகல் முழுக்க நான். ஐந்தரைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன் மூக்கண்டப்பள்ளிக்குக் கிளம்பும்போது முனிராஜ் வந்து உட்காருவான். பெண்களை ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் கம்பெனியின் வழக்கம். அது பெண்களுக்கான பாதுகாப்பு என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

இந்த வழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் கழுத்தை அறுத்தது அதுதான்.

ஆடத் தெரியாதவள்

நான் சேர்ந்தது நல்ல பனிக் காலத்தில். காலையில் வேனில் ஏறும்போது வாயைத் திறந்தால் புகை வரும். அந்த மாதங்களில் கம்ப்யூட்டர் குதிரையாக ஓடியது. கோபிநாத் சாரே, "பரவால்ல, பொண்ணு தேறிடும்," என்று பக்கத்து டிபார்ட்மென்ட்டில் சொன்னதாகக் காதில் விழுந்தது.

மாசி மகம் போனதும் ஆரம்பித்தது வினை. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து பெரிய கணக்கு ஒன்றை ஓடவிட்டால், பாதியில் திரை உறைந்துவிடும். மவுஸை அசைத்தால் அசையாது. ஸ்விட்சை அணைத்துப் போட வேண்டியதுதான். செய்த வேலை போச்சு. முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

காலையில் நிற்காது. மாலையில் முனிராஜ் உட்கார்ந்தால் நிற்காது. நான் விட்டுப்போன வேலையை அவன் சாவகாசமாக முடித்து வைத்துவிட்டுப் போவான். மறுநாள் காலை மீட்டிங்கில் எல்லாரும் வட்டமாக நிற்கும்போது கோபிநாத் சார் சொல்வார்: "நேத்தும் முனிராஜ்தான் முடிச்சான். அதே கம்ப்யூட்டரு, அதே ஃபைலு."

ஒரு நாள் துணிந்து சொன்னேன். "சார், கம்ப்யூட்டர்ல ஏதோ பிரச்னை இருக்குது சார்."

அவர் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்."

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முனிராஜும் லேசாகச் சிரித்தான். அதை நான் பார்த்தேன்.

இந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவர் கையில் கிடைத்தால் ஒரு கேள்வி கேட்பேன். ஐயா, அந்தக் கூடத்தை யாராவது ஒரு தடவை ரசமட்டம் வைத்துப் பார்த்தீர்களா? கூடம் கோணலாகவே இருந்தால் அவள் என்னதான் சொல்லித் தொலைவது?

அதற்கடுத்த வாரம்தான் கட்டையில் குழி விழுந்தது. முந்தின நாள் மத்தியானம் நான் போட்ட கணக்கு, இந்த முறை பாதியில் நிற்கவில்லை. ஓடி முடிந்தது. ஆனால் ஓர் இடத்தில் ஆழத்தைத் தப்பாகப் போட்டிருந்தது. நின்றுபோனாலாவது தெரிந்திருக்கும். நிற்காமல் பொய் சொல்லியிருக்கிறது.

அன்று மாலை அதே ஃபைலை முனிராஜ் திரும்பக் கணக்குப் போட்டான். சரியாக வந்தது.

அதோடு என் கதை முடிந்த மாதிரிதான். அந்த மாதக் கடைசியில் என்னை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று முடிவாக வேண்டும். "டிசைன் சரிப்படல. ஸ்டோர்ஸ்ல நட்டு போல்ட்டு எண்ட்ரி போடற வேலை இருக்குது, அங்க அனுப்பிடலாம்," என்று கோபிநாத் சார் பேசிக்கொண்டிருந்தார். டிப்ளமாவில் மெஷின் டிராயிங்கில் நான் வாங்கின மார்க்கு அந்த ஆபீஸில் யாரும் வாங்கினதில்லை. நான் ஸ்டோர்ஸுக்குப் போனால், என் பின்னால் இன்னொரு பெண்ணுக்கு அந்த அறைக் கதவு திறக்காது. அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

கட்டையைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. "இங்கியே கெடக்கட்டும், போறவங்க வர்றவங்க பாக்கட்டும்," என்று கோபிநாத் சார் டூல் ரூம் வாசலில் போடச் சொன்னார். வெயிட்டாக இருந்ததால் கதவுக்கு முட்டுக் கொடுக்கத் தோதாகிவிட்டது. அந்த வாரமே அதற்குப் பெயரும் விழுந்தது. ஸ்டெல்லா கட்டை.

என் பெயர் ஸ்டெல்லா.

ஒரு எண்ணின் கதை

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோபத்துக்கு ஆணிவேர் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கர். அதில் 1800 என்று போட்டு, பக்கத்தில் பொடியாக ஒரு கூட்டல் குறி.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் எல்லாரும் மெகாஹெர்ட்ஸ் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் ஒரு நொடியில் எத்தனை அடி எடுத்து வைக்கிறது என்பதற்கான அளவு அது. அடி கூடினால் வேகம் கூடும் என்று நினைத்தோம். அது பாதி உண்மை. குட்டைக் கால்காரர் தத்தித் தத்தி நூறு அடி வைப்பார். நெட்டைக் கால்காரர் எண்பது அடியில் அதே தூரம் போய்விடுவார். யார் வேகம்?

பிராசஸர் செய்கிறவர்களிலும் குட்டை அடி கம்பெனி ஒன்றும் நெட்டை அடி கம்பெனி ஒன்றும் இருந்தன. ஜனங்கள் அடியைத்தான் எண்ணினார்கள். நெட்டை அடிக்காரர்கள் பார்த்தார்கள். தங்கள் பிராசஸர் வைக்கும் அடி ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்தான். ஆனால் வேலையில் அது ஆயிரத்து எண்ணூறுக்குச் சமம் என்று அவர்களே மதிப்புப் போட்டு, 1800 என்று பெயர் வைத்து, ஒரு கூட்டல் குறியும் சேர்த்துவிட்டார்கள். அந்த எண் வேகம் அல்ல, மதிப்பெண். பரீட்சை எழுதினவரே பேப்பர் திருத்திப் போட்டுக்கொண்ட மதிப்பெண்.

அதை முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பல வேலைகளில் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் அந்தக் கூட்டல் குறிக்கு அர்த்தம் என்ன என்று பெட்டியை வாங்கின எங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. கோபிநாத் சாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. எல்லாரும் 1800 என்பதை வேகம் என்றே நினைத்தோம். நம்பரைப் பார்த்ததும் கும்பிடு போடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? போன மாதம் என் மகளுக்கு லேப்டாப் வாங்க பாகலூர் ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். ஐந்து ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "வரைன்னா? எவ்ளோ நேரம் போகும்?" என்று கேட்டேன். விற்பனைப் பையன் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "சார், இது நல்லா போகும் சார்," என்றான். கேட்டது நான். என் வீட்டுக்காரர் மாநகராட்சியில் வரி வசூல் பார்க்கிறவர். அவருக்கும் லேப்டாப்புக்கும் உள்ள சம்பந்தம், அதில் பழைய பாட்டு கேட்பதோடு சரி.

வாங்காமல் வந்துவிட்டோம். மகளுக்கு என் மேல் கோபம். சரி, கதைக்கு வருகிறேன்.

ஆலங்கட்டி மழை

சித்திரையில் ஒரு மத்தியானம். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே வானம் இருட்டியது. காற்று கிளப்பிய மண், தொழிற்பேட்டை ரோடு முழுக்கப் பறந்தது. அப்புறம் தகரக் கூரையில் கல்லை அள்ளி வீசின மாதிரி ஆலங்கட்டி. எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். வேலு அண்ணன் ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் போகவில்லை. ஒரு பெரிய கணக்கை ஓடவிட்டிருந்தேன். எப்போது உறையுமோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உறையவில்லை. இன்னொரு கணக்கைப் போட்டேன். அதுவும் முடிந்தது. வேன் கிளம்பும் வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது.

மழைக்கும் என் அறிவுக்கும் என்ன சம்பந்தம்? மழை பெய்தால் எனக்கு டிசைன் வந்துவிடுமா?

மறுநாள் வெயில். திரை உறைந்ததும் குனிந்து மேசைக்கு அடியில் இருந்த பெட்டியின் மேல் கையை வைத்தேன். சுட்டது. பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவரைத் தொட்டேன். அதுவும் சுட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஹீட் ட்ரீட்மென்ட் உலை. எஃகைப் பழுக்கக் காய்ச்சும் உலை அது. அதைத் தினமும் மத்தியானம்தான் திறப்பார்கள். போதாததற்கு, தூசி படாமல் இருக்க யாரோ பெட்டிக்கு அளவெடுத்துத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். அறையில் ஏசி கிடையாது. ஓசூரில் எவனாவது ஏசி போடுவானா என்று கேட்கும் காலம் அது.

"சார், சூடு ஏறினா நிக்குது சார். அதனாலதான் மத்தியானம் மட்டும் நிக்குது. முனிராஜ் வர்றப்ப உலையும் இல்ல, வெயிலும் இல்ல," என்றேன்.

கோபிநாத் சார் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நேத்து கம்ப்யூட்டரு. இன்னிக்கு வெயிலு. நாளைக்கு ராகு காலம்ன்னு சொல்லுவியாம்மா?"

என் வார்த்தைக்கு அங்கே அவ்வளவுதான் எடை. சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று புரிந்தது. முனிராஜின் கை வேண்டும்.

முனிராஜின் கை

முனிராஜ் ஜவளகிரிக்காரன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். பகலில் கோஸ் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, மாலையில் தளி ரோடு வழியாக பைக்கில் வருவான். கெட்டவன் இல்லை. ஆனால் எல்லாரும் நம்மைக் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது யாருக்குத்தான் எழுந்து போய் அதை மறுக்கத் தோன்றும்?

வேனுக்குப் போகிற வழியில் நிறுத்திக் கேட்டேன். "ஒரே ஒரு நாள் மத்தியானம் வந்து உக்காரு. நா பண்ற அதே வேலைய நீ பண்ணு. போதும்."

"எனக்கு ஏன் இந்த வம்பு ஸ்டெல்லா? கோஸ் அறுப்பு வேற இருக்குது."

"உன் கையில நிக்கலைன்னா நானே ஸ்டோர்ஸுக்குப் போறன்னு எழுதிக் குடுத்துடறன்."

அவன் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே நின்றான். "நின்னுட்டா?"

"நின்னுட்டா, அது உன் தப்பு இல்லன்னு நா சொல்றன். எல்லார் முன்னாலயும் சொல்றன்."

அவன் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான். ஆனால் அந்த வாரமே ஒரு மத்தியானம் வந்தான். செருப்பில் தோட்டத்துச் செம்மண் அப்பியிருந்தது. லீவு மாற்றிப் போட வேண்டும் என்று ஏதோ சாக்குச் சொல்லி வந்தவன், என் நாற்காலியில் உட்கார்ந்தான். சாதாரணமாக அவன் உட்காரும்போது அறை குளிர்ந்து கிடக்கும். அன்று வேர்த்தது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அதே ஃபைல். அதே பட்டன்கள். கோபிநாத் சார் எதற்கோ உள்ளே வந்து, அவனைப் பார்த்துவிட்டு, "என்னடா முனிராஜு, இந்த நேரத்துல?" என்று அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்தது.

முனிராஜ் மவுஸை அசைத்தான். கீபோர்டைத் தட்டினான். "இன்னாடா இது," என்றான் தனக்குத்தானே.

கோபிநாத் சார் குனிந்து பெட்டியைப் பார்த்தார். உறையை விலக்கித் தொட்டுப் பார்த்தார். கையை வெடுக்கென்று எடுத்தார்.

"டேய், மெஷின்ல கோளாறுடா. அந்த பெங்களூர்காரனக் கூப்புடு," என்றார்.

அவ்வளவுதான். இரண்டு மாதமாக நான் தொண்டை வறளச் சொன்னதை, முனிராஜ் ஒரு வார்த்தை வாதாடாமலே அவர் ஒத்துக்கொண்டார். என் கையில் நின்றால் கை. அவன் கையில் நின்றால் மெஷின்.

எனக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆத்திரத்தில் அழுத அழுகை அது. வெளியே சத்தம் கேட்கக் கூடாது என்று தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டேன்.

ஏனு ஆகல்லா

கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்த பிரகாஷ் மறுநாள் பெங்களூரிலிருந்து வந்தான். கம்ப்யூட்டர்க் கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு தெருவில் சின்னக் கடை வைத்திருந்தான். பெட்டியைத் திறந்து தூசியை ஊதினான். பிராசஸரின் தலையில் இருந்த ஃபேன் தீப்பெட்டி மாதிரி குட்டியாக இருந்தது. அப்புறம் ஸ்விட்சைப் போட்டு, முதலில் வரும் கறுப்புத் திரையிலேயே ஏதோ ஒரு கீயைத் தட்டி உள்ளே போனான். ஓர் எண்ணைக் குறைத்தான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்ப ஆன் ஆனபோது கறுப்புத் திரையில் 1500 என்று வந்தது. கூட்டல் குறியோடு.

"பெட்டி மேல 1800ன்னு ஒட்டியிருக்குதே?" என்றேன்.

"அது மேடம், சொல்ப ஜாஸ்தி வெச்சிருந்தோம். எல்லாரும் வெக்கறதுதான். ஏனு ஆகல்லா." கொஞ்சம் கூட்டி வைத்தானாம், ஒன்றும் ஆகாதாம்.

விஷயம் இதுதான். அவன் போட்டது 1500 என்று மதிப்பெண் போட்ட பிராசஸர், அதன் உண்மையான அடி அதைவிடக் குறைவு. அது தாங்கும் அளவைத் தாண்டி விரட்டி ஓடவிட்டு, அந்த ஓட்டத்துக்கு 1800 என்று பெயர் ஒட்டி விற்றிருக்கிறான். இதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். தக்காளி சீசனில் ராயக்கோட்டைச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு டன் தாங்கும் டெம்போவில் ஒன்றரை டன் ஏற்றுவார்கள். சமதரையில் ஜோராகப் போகும். மேட்டில் ஏறும்போதுதான் திணறும். எங்கள் பெட்டிக்கு மத்தியானம்தான் மேடு. ஓவர்கிளாக்கிங் செய்வதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. தன் வீட்டுக் கம்ப்யூட்டரை, தக்க ஃபேன் போட்டு, தெரிந்தே விரட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அது அவர்கள் இஷ்டம். அடுத்தவரிடம் சொல்லாமல் விற்றால் அதற்குப் பெயர் வேறு.

"ஓடுச்சில்ல மேடம் 1800ல?" என்றான் பிரகாஷ், நான் விடாததைப் பார்த்து.

"ஓடல. உன் ஸ்டிக்கர் ஓடுச்சு. திட்டு வாங்கினது நான்."

அவன் சிரித்தான். நகத்தால் சுரண்டி அந்த ஸ்டிக்கரை உரித்தான். கோபிநாத் சார் அவனுக்கு டீ வரவழைத்தார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். டீ மூன்றாவது இடம் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

காலை மீட்டிங்

கம்ப்யூட்டரை இடம் மாற்றி வைத்தார்கள். கொஞ்சம் மெதுவாக ஓடியது. ஆனால் நிற்கவில்லை. கணக்கும் பொய் சொல்லவில்லை. மறுநாள் காலை மீட்டிங்கில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. திட்டினது ஊரறிய. திருத்தினது காதோடு காதாக.

மூன்றாம் நாள் கோபிநாத் சார், "வேற ஏதாச்சும் இருக்குதா?" என்று வழக்கமாகக் கேட்டு முடிக்கப்போன நேரத்தில், "இருக்குது சார்," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"கட்டையில குழி விழுந்தது என் புரோகிராமால இல்ல. கம்ப்யூட்டரு தப்பா கணக்குப் போட்டுச்சு. அது 1800 இல்ல, 1500. அன்னிக்கு மத்தியானம் முனிராஜ் கையிலயும் நின்னுச்சு. சாரே பாத்தாரு. முனிராஜ் மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல."

முனிராஜுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். ஆனால் அதைக் கேட்க அவன் அங்கே இல்லை. அவன் மாலை ஷிஃப்ட்.

"அப்ப பொண்ணு மேல தப்பு இல்ல," என்றார் வேலு அண்ணன், பொதுவாக, யாரையும் பார்க்காமல்.

"அதான் சரி பண்ணியாச்சேம்மா. பழசக் கெளறிக்கினு," என்றார் கோபிநாத் சார். மீட்டிங் கலைந்தது.

மாதக் கடைசியில் என்னை நிரந்தரம் செய்தார்கள். கோபிநாத் சார் கை கொடுத்து, "நல்லா இம்ப்ரூவ் ஆயிட்டம்மா," என்றார். வேகத்தைக் குறைத்தது கம்ப்யூட்டரில். முன்னேறியது நானாம்.

"அந்தக் கட்டைய ஸ்க்ராப்ல போட்டுடலாம் சார்," என்று கேட்டேன்.

"இருக்கட்டும்மா. கதவுக்கு ஆவுது."

வாசலில் கிடப்பது

அந்தக் கம்பெனியை விட்டு வந்து வெகு காலம் ஆகிறது. இப்போது மூக்கண்டப்பள்ளியில் சொந்தமாகச் சின்ன டிசைன் ஆபீஸ் வைத்திருக்கிறேன். என்னோடு மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். எந்த நேரத்தில் யார் உட்கார்ந்தாலும் எங்கள் கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன. கோபிநாத் சார் ஓய்வு பெற்றுவிட்டார். முனிராஜ் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் கோஸும் ரோஜாவும் பயிரிடுகிறான். கிறிஸ்துமஸுக்கு மறக்காமல் ஒரு மூட்டை கோஸ் வந்து இறங்கிவிடும்.

போன வாரம் ஒரு வரைபடம் கொடுப்பதற்காகப் பழைய கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது. கேட்டில் புது செக்யூரிட்டி. ஒடிசா பக்கத்துக்காரர், நடுத்தர வயது, ஓசூருக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். உள்ளே போன் போட்டுப் பேசிவிட்டு, மர நிழலைக் காட்டினார்.

"சார் வர்றாங்க மேடம். அந்த ஸ்டெல்லா மேல உக்காருங்க."

திரும்பிப் பார்த்தேன். கட்டை டூல் ரூம் வாசலிலிருந்து கேட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. லாரிகள் உள்ளே வரும்போது கேட் மூடாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறார்கள். மேல்பக்கம் உட்கார்ந்து உட்கார்ந்து பளபளத்திருந்தது. குழியில் யாரோ பீடியை நசுக்கிப் போட்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இதுக்கு யாரு பேரு வெச்சது?" என்றேன்.

"தெரியாது மேடம். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஸ்டெல்லா நகத்து, ஸ்டெல்லா தள்ளு, அப்படி."

ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார்கள். என் பெயரைச் சுரண்ட ஒருவருக்கும் நகம் இல்லை.

"ஸ்டெல்லா நான்தான்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். சட்டென்று ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். நான் உட்காரவில்லை. உள்ளேயிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது, "கொஞ்சம் இருங்க, வரேன்," என்று சொல்லிவிட்டு, வெயிலில் நின்றபடியே அவருக்கு முழுக் கதையையும் சொன்னேன். உலை, ஸ்டிக்கர், முனிராஜ், மீட்டிங், ஒன்றையும் விடவில்லை.

முடித்ததும் அவர் கேட்டார். "அப்போ இதுக்கு யார் பேரு வெக்கணும் மேடம்?"

எனக்கு இரண்டு பெயர்கள் தோன்றின. எண்ணில் பொய் சொன்னவன் ஒருவன். அந்த எண்ணைச் சந்தேகப்படாமல் என்னைச் சந்தேகப்பட்டவர் ஒருவர். யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. சொன்னேன்.

வேலை முடிந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது உள்ளே நுழைய ஒரு லாரி நின்றிருந்தது. செக்யூரிட்டி கையைக் காட்டி, டிரைவருக்குக் கேட்கும்படி குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"லெஃப்ட்ல பாத்து வாங்க அண்ணா. அங்க கோபிநாத் இருக்குது, இடிச்சிடாதீங்க."